21 வயது மோட்டார்ஹோம் வாங்கினோம்: இன்ஜினைப் பார்க்கும் முன் சுவரைப் பாருங்கள்

2003-ல் பதிவான வண்டி. ஃபியட் டுகாட்டோ, 2.3 லிட்டர் டீசல், 4 பேர் படுக்கலாம், நாங்கள் வாங்கும்போது 61,000 மைல் ஓடியிருந்தது. 2024 ஏப்ரலில் 14,400 பவுண்டு கொடுத்து எடுத்தோம். இரண்டு கோடையும் ஒரு குளிர்காலமும் அதில் பார்த்தாகிவிட்டது, அதனால் இப்போது எழுதினால் சரியாக இருக்கும். நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், நார்தாம்ப்டன் பக்கம். நான், மனைவி, 11 வயதுப் பையன், 8 வயதுப் பெண்.

நம்ம ஊரில் கேரவன் என்றால் ஷூட்டிங் நடக்கும் இடத்தில் நிற்கும் வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். இங்கே கேரவன் என்பது காருக்குப் பின்னால் மாட்டி இழுப்பது, தானே ஓடுவது மோட்டார்ஹோம். அடுப்பு, ஃப்ரிட்ஜ், படுக்கை, கக்கூஸ், நின்று குளிக்க ஒரு மூலை, ஹீட்டர் எல்லாம் உள்ளேயே இருக்கும். புதிது 60,000, 70,000 பவுண்டு என்று போகிறது. வாடகைக்குக் கேட்டால் ஆகஸ்டில் ஒரு வாரத்துக்கு 1,000 பவுண்டுக்கு மேல் சொன்னார்கள். பழையதுதான் நமக்குச் சரி என்று முடிவு செய்து, ஐந்து மாதம் தேடி, ஒன்பது வண்டி பார்த்து, பத்தாவதை வாங்கினோம்.

அந்த ஐந்து மாதத்தில் எனக்குப் புரிந்த பெரிய விஷயம் ஓதம். வீட்டுச் சுவரில் மழைக்காலத்தில் ஏறுமே, அதே ஓதம்தான். பழைய மோட்டார்ஹோமின் சுவர் என்பது வெளியே மெல்லிய அலுமினியமோ ஃபைபரோ, உள்ளே மரச்சட்டமும் தெர்மோகோல் மாதிரி ஒரு அடைப்பும், அதற்கு உள்ளே கால் அங்குலம்கூட இல்லாத பிளைவுட். தகடும் தகடும் சேரும் இடம், ஜன்னல் ஓரம், கூரைத் திறப்பு, வெளிப்பந்தலை மாட்டும் கம்பி என்று எங்கெல்லாம் இணைப்பு இருக்கிறதோ அங்கெல்லாம் பசை மாதிரி ஒரு சீலன்ட் அடைத்திருப்பார்கள். பதினைந்து இருபது வருடத்தில் அது காய்ந்து வெடித்துவிடும். மயிரிழை விரிசல் போதும், தண்ணீர் உள்ளே போய்விடும். அது போன இடத்திலேயே நிற்பதும் இல்லை, சட்டத்தைப் பிடித்துக்கொண்டே ஊர்ந்து நாலடி தள்ளி வேறு மூலையில் போய் உட்காரும். வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. உள்ளே மரம் மக்கிக்கொண்டே இருக்கும். இன்ஜின் கெட்டால் எந்த மெக்கானிக்கும் சரி செய்துவிடுவார், சட்டம் மக்கினால் சுவரையே பிரித்துக் கட்ட வேண்டும், ஆயிரக்கணக்கில் செலவு. அதனால்தான் தலைப்பில் அப்படி எழுதினேன்.

நாங்கள் பார்த்த நான்காவது வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு பெரிய டீலரின் யார்ட். 2001 மாடல், 31,000 மைல்தான் ஓடியிருந்தது, சீட் துணியெல்லாம் புதிதுபோல் இருந்தது, எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. நாங்கள் போவதற்கு முன்பே ஹீட்டரைப் போட்டு வைத்திருந்தார்கள், வாசனைக்கு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. நான் முன்னால் ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தபோது மனைவி பின்மூலையில் இருந்த மேல் அலமாரியைத் திறந்து தலையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "இங்க வந்து மோந்து பாருங்க" என்றாள். போய் மோந்தேன். நனைந்த சாக்கு வாசனை. மழையில் நனைந்த அரிசிச் சாக்கை மடித்து வைத்தால் இரண்டு நாளில் வருமே, அது. அலமாரிக்குக் கீழே ஜன்னல் ஓரத்தில் கட்டைவிரலால் அழுத்தினேன். சுவர் உள்ளே போனது. விரலை எடுத்த பிறகும் அந்தப் பள்ளம் அப்படியே இருந்தது, டீயில் ஊறிய ரஸ்க்கை அழுத்தின மாதிரி. மேலே ஒட்டியிருந்த காகிதம் மட்டும்தான் சுவராக நின்றுகொண்டிருந்தது. விற்பனையாளர் "குளிர்காலத்தில் மூச்சுக்காற்று படிவது சகஜம்" என்றார். ஓத மீட்டர் வைத்துக் காட்டுங்கள் என்றோம், மீட்டர் இன்னொரு கிளையில் இருக்கிறது என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த வண்டியின் எம்ஓடி (இங்கே வருடாவருடம் நடக்கும் கட்டாய வண்டிச் சோதனை) வரலாற்றைப் பார்த்தேன். போவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும், ஒரு நாள் லீவு மிச்சமாகியிருக்கும். அரசின் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் 2005-லிருந்து நடந்த ஒவ்வொரு சோதனையும் இலவசமாக வரும். எத்தனை மைல், எதில் தேறியது, எதில் தவறியது, "இதைக் கவனியுங்கள்" என்று எழுதிக் கொடுத்த குறிப்பு எல்லாம் இருக்கும். அந்தக் குறிப்புகளைத்தான் வரி வரியாகப் படிக்க வேண்டும். அந்த வண்டிக்கு மூன்று வருடம் தொடர்ந்து பின் பிரேக் பைப்பில் துரு என்று ஒரே வரி. யாரும் தொடவே இல்லை. நான்கு வருடத்தில் மொத்தமே 600 மைல் ஓடியிருந்தது. மைல் கம்மியாக இருக்கிறதே என்று நாம் சந்தோஷப்படுகிறோம், ஆனால் ஓடாமல் நிற்கும் வண்டியில் பிரேக் இறுகும், டயர் வெடிப்பு விடும், ரப்பர் எல்லாம் காயும். வருடத்துக்கு மூவாயிரம் நாலாயிரம் மைல் ஓடி, ஒழுங்காகச் சர்வீஸ் ஆன வண்டியைத்தான் நான் தேடுவேன்.

சரி, எங்கள் வண்டிக்கு வருகிறேன். வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் ஓய்வு பெற்ற தம்பதி 2006-லிருந்து வைத்திருந்தார்கள். முழங்கால் வலியால் இனிமேல் ஏறி இறங்க முடியவில்லை என்று விற்றார்கள். அந்தப் பெரியவர் ஒரு தடித்த ஃபைலைக் கையில் கொடுத்தார். அதில் ஒவ்வொரு வருடத்து ஓதச் சோதனைத் தாளும் இருந்தது. வண்டியை மேலிருந்து பார்த்த மாதிரி ஒரு படம் வரைந்து, சுவர் நெடுக ஓரடிக்கு ஓர் எண் எழுதியிருப்பார்கள், 11, 12, 12, 14 என்று. அது ஈரத்தின் சதவீதம். 15-க்குள் இருந்தால் கவலை இல்லை. 15-லிருந்து 20 வரை கண் வைத்துக்கொள்ள வேண்டும். 20-ஐத் தாண்டினால் தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது, 30-ஐத் தாண்டினால் மரம் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். அத்தனை வருடத் தாள்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்த வண்டியின் உடம்பு எப்படி இருந்தது என்று கண்முன்னால் தெரிகிறது. விலை பேசுவதற்கு முன்பே எனக்கு மனசு அங்கே நின்றுவிட்டது.

இருந்தாலும் என்சிசியின் (இங்குள்ள தேசிய கேரவன் கவுன்சில்) அங்கீகாரம் பெற்ற ஒரு இன்ஜினியரை, நேரில் வந்து பார்ப்பவரை, 130 பவுண்டுக்கு வரச் சொன்னேன். இரண்டு முள் வைத்த மீட்டரை ஒவ்வொரு இடமாக அழுத்திக்கொண்டே வந்தார். எல்லா இடமும் 14-க்குள். பின்பக்கக் கூரைத் திறப்பின் இடது மூலையில் மட்டும் 21. பெரியவருக்கு அது தெரிந்திருந்தது, கடைசித் தாளில் 19 என்று இருந்ததை அவரே காட்டினார். அதை வைத்து 600 பவுண்டு குறைத்துப் பேசினோம், அவரும் மறுக்கவில்லை. வாங்கிய இரண்டாவது வாரம் அந்தத் திறப்பை முழுவதும் கழற்றி, காய்ந்த சீலன்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதிதாக வைத்து அடைத்தோம். 240 பவுண்டு. ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் 13. இந்த வண்டிக்குச் செய்த செலவிலேயே எனக்கு அதிக நிம்மதி கொடுத்தது அதுதான்.

வாங்கிய பிறகு ஆன மற்ற செலவுகள். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் சேர்த்து 540. பெல்ட்டைக் கடைசியாக மாற்றியது 2012-ல். அதற்குப் பிறகு அதிக மைல் ஓடவில்லைதான், ஆனால் ரப்பருக்கு வயது ஒரு கணக்கு, மைல் ஒரு கணக்கு, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிட வேண்டும். அறுந்தால் இன்ஜினே போய்விடும். நான்கு டயர் 560. டயர் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பட்டன் தேயவே இல்லை. பக்கவாட்டில் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள், 3214 என்றால் 2014-ல் 32-ஆவது வாரம் தயாரானது. பத்து வருட டயரில் குடும்பத்தை வைத்து மோட்டர்வேயில் போக எனக்குத் தைரியம் இல்லை. உள்பக்க பேட்டரி 110. காஸ் ஹோஸும் ரெகுலேட்டரும் மாற்றி, காஸ் கசிவு சோதித்து, ஹீட்டர், ஃப்ரிட்ஜ் சர்வீஸ் செய்ய 290. கார்பன் மோனாக்சைடு அலாரம் 20 பவுண்டுதான், அது இல்லாமல் ஒரு இரவுகூட உள்ளே தூங்காதீர்கள். ஆக, விலைக்கு மேல் 1,800 பவுண்டு அளவில் எடுத்து வைத்துக்கொண்டுதான் பழைய வண்டி பார்க்கப் போக வேண்டும்.

ஃப்ரிட்ஜைப் பற்றி ஒரு வார்த்தை. இதில் வருவது காஸ், 12 வோல்ட், 230 வோல்ட் மூன்றிலும் ஓடுவது. குளிர ஆறேழு மணி நேரம் ஆகும், அதனால் பார்க்க வருவதற்கு முந்தின இரவே போட்டு வைக்கச் சொல்லுங்கள், காஸிலும் ஓடுகிறதா என்று தனியாகப் பாருங்கள். வண்டி சாய்ந்து நின்றால் சரியாகக் குளிராது. சிலிண்டர் சிவப்பா நீலமா என்றும் கேளுங்கள். சிவப்பு புரொப்பேன், நீலம் பியூட்டேன். பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் போனால் பியூட்டேன் வராது, டிசம்பரில் அடுப்பும் எரியாது ஹீட்டரும் எரியாது.

குழந்தைகள் இருக்கும் வீடுகள் இதைக் கட்டாயம் பாருங்கள். 4 பேர் படுக்கலாம் என்றால் 4 பேர் பெல்ட் போட்டு உட்காரலாம் என்று அர்த்தம் இல்லை. பழைய வண்டிகளில் நிறைய முன்சீட் இரண்டுக்கு மட்டும்தான் பெல்ட். பின்னால் இருப்பது பக்கவாட்டு சோபா, அதில் குழந்தை சீட் வைக்கவே கூடாது. 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம் வரும் வரை இங்கே குழந்தை சீட் சட்டப்படி வேண்டும். நாங்கள் ஒதுக்கிய ஒன்பதில் நான்கு இந்த ஒரே காரணத்துக்காக. விளம்பரத்தில் எழுதவே மாட்டார்கள், போனிலேயே கேட்டுவிடுங்கள்.

லைசென்ஸ். 1997 ஜனவரி 1-க்குப் பிறகு இங்கே டெஸ்ட் தேறியவர்கள் சாதாரண கார் லைசென்ஸில் 3,500 கிலோ வரைதான் ஓட்டலாம். இந்திய லைசென்ஸை இங்கே அப்படியே மாற்றித் தர மாட்டார்கள், நம்மில் பெரும்பாலோர் இங்கே வந்து டெஸ்ட் கொடுத்தவர்கள்தான், ஆக நமக்கு 3,500. இது வெறும் வண்டியின் எடை இல்லை, ஆள், தண்ணீர், துணி, சைக்கிள் எல்லாம் ஏற்றிய பிறகு வண்டி இருக்கக்கூடிய அதிகபட்ச எடை. எங்கள் வண்டியின் தகட்டில் 3,400 என்று இருக்கிறது. முதல் பயணத்துக்கு எல்லாம் ஏற்றிவிட்டு வே பிரிட்ஜில் நிறுத்தினால் 3,460. தண்ணீர்த் தொட்டி மட்டும் 100 லிட்டர், அதாவது 100 கிலோ. இப்போது 20 லிட்டரோடு கிளம்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்புகிறோம். 10 கிலோ பொன்னி அரிசி மூட்டை வீட்டிலேயே நிற்கிறது, வாரத்துக்கு இரண்டு கிலோ அளந்து எடுக்கிறோம்.

லண்டனில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். 2023 ஆகஸ்ட் 29-லிருந்து லண்டன் மாநகரம் முழுவதும் யூலெஸ், அதாவது புகை அதிகம் விடும் வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் பகுதி. டீசல் என்றால் யூரோ 6 என்ற புகைத் தரம் இல்லாத வண்டிக்கு ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. எங்களுடையது யூரோ 3, அதனால் அந்த 12.50 உண்டு. யூரோ 3-ம் இல்லாத 90-களின் வண்டி என்றால் அதற்கு மேல் லெஸ் என்ற இன்னொரு புகைக் கட்டணம் நாள் ஒன்றுக்கு 100 பவுண்டு தனியாக வரும். ஹாரோவிலோ குரொய்டனிலோ வீட்டு வாசலிலிருந்து வண்டியை எடுத்தாலே காசு. என் தங்கை ஹாரோவில் இருக்கிறாள், அவள் வீட்டுக்கும் ஈஸ்ட் ஹாம் முருகன் கோவிலுக்கும் நாங்கள் காரில்தான் போகிறோம்.

இன்னொன்று, வாங்கும் முன் வீட்டுப் பத்திரத்தைப் பாருங்கள். புதிய குடியிருப்புகளில் வாசலில் கேரவன், மோட்டார்ஹோம் நிறுத்தக் கூடாது என்று நிபந்தனை இருக்கும். எங்கள் பத்திரத்தில் இருந்தது. ஒரு பண்ணையில் மாதம் 45 பவுண்டு கொடுத்து நிறுத்துகிறோம். இன்ஷூரன்ஸ் வருடத்துக்கு 370, சாலை வரி 300-க்கு மேல். வி5சி என்ற வண்டிப் பதிவுப் புத்தகத்தில் பெயர் இருப்பதால் மட்டும் விற்பவர்தான் உரிமையாளர் என்று ஆகிவிடாது, அந்தப் புத்தகத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது, அதனால் கடன் பாக்கி இருக்கிறதா என்று காசு கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுவதற்கு எப்படி? டுகாட்டோவும் பெஜோ பாக்ஸரும் சிட்ரோயன் ரிலேயும் இத்தாலியில் அத்தெஸ்ஸா என்ற ஊரில் ஒரே தொழிற்சாலையில் பிறந்த வண்டிகள். உடம்பு ஒன்றுதான், சில இன்ஜின்கள்தான் வேறு. அதனால் 20 வருடம் ஆன பிறகும் ஸ்பேர் எல்லா ஊரிலும் கிடைக்கிறது, சாதாரண வேன் மெக்கானிக் பார்த்துவிடுகிறார். காலனுக்கு 26 மைல் கொடுக்கிறது, நம்ம கணக்கில் லிட்டருக்கு 9 கிலோமீட்டர். மேட்டில் பொறுமை வேண்டும். உயரம் 2.9 மீட்டர், அதை எழுதி ஸ்டீயரிங்குக்கு மேலே ஒட்டியிருக்கிறேன், ஏனென்றால் இங்கே பல கார் பார்க்கிங்கில் 2.1 மீட்டரில் குறுக்குக் கம்பி இருக்கும்.

இனி சமையல், எனக்குப் பிடித்த பகுதி. மூன்று பர்னர் காஸ் அடுப்பு, ஐந்து லிட்டர் குக்கர் நன்றாக உட்காருகிறது. மின்சாரம் நாம் போய் நிறுத்தும் முகாம் சைட்டைப் பொறுத்து 10 ஆம்பியரோ 16 ஆம்பியரோ வரும். 10 ஆம்பியர் என்றால் 2,300 வாட் அளவு, மிக்ஸி ஓடும்போது மின்சாரக் கெட்டிலைப் போட்டால் ட்ரிப் ஆகிவிடும். இட்லி மாவை வீட்டிலேயே அரைத்து எவர்சில்வர் தூக்கில் எடுத்துப் போகிறோம். ஆனால் இட்லி வேகும் ஆவியும் குக்கர் ஆவியும் அந்தச் சின்ன இடத்தில் எங்கே போகும்? ஜன்னலில் படியும், மூலையில் இறங்கும், அதுவும் ஓதம்தான். வெளியே இருந்து வரும் தண்ணீரை அடைக்க அவ்வளவு பாடுபட்டுவிட்டு உள்ளே இருந்து நாமே ஊற்றக் கூடாது. சமைக்கும்போது கூரைத் திறப்பும் எதிர் ஜன்னலும் திறந்திருக்கும், எவ்வளவு குளிராக இருந்தாலும் சரி. முடிந்ததும் பையன் ஒரு துணியால் ஜன்னல் ஓரமெல்லாம் துடைப்பான், அது அவனுடைய வேலை.

போன ஜூனில் வேல்ஸில் பார்மத் பக்கம் கடலைப் பார்த்து நிறுத்தியிருந்தோம். இரவு முழுவதும் மழை, கூரையில் அரிசி கொட்டுவது போல் சத்தம். நான்கு மணிக்கு எழுந்து டார்ச் அடித்து ஒவ்வொரு மூலையாக விரலால் தடவிப் பார்த்தேன். எல்லாம் காய்ந்திருந்தது. பெண் மேல் படுக்கையிலிருந்து தலையை நீட்டி "அப்பா, வீடு நனைஞ்சிடுச்சா?" என்றாள். இல்லடா, தூங்கு என்றேன். காலையில் மழை விட்டதும் படியில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டோம். இந்த வண்டிக்கு 5-க்கு நாலரை கொடுப்பேன். குறைத்த அரை, உள்ளே குளிக்கும் இடத்துக்கு. என் உயரத்துக்கு அதில் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. கக்கூஸ் டப்பா 18 லிட்டர், நான்கு பேருக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை காலி செய்ய வேண்டியிருக்கிறது, அதற்கு மதிப்பெண் குறைக்கவில்லை, எல்லா வண்டியிலும் அப்படித்தான்.

வெளிப்பந்தல் கம்பியின் சீலன்ட் ஒரு இடத்தில் காயத் தொடங்கியிருக்கிறது, மார்ச்சில் அதை எடுத்துப் புதிதாக அடைக்க இன்ஜினியரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அப்புறம், நானே ஒரு ஓத மீட்டர் 35 பவுண்டுக்கு வாங்கி வைத்திருக்கிறேன். நார்தாம்ப்டன், மில்டன் கீன்ஸ் பக்கம் யாராவது பழைய வண்டி பார்க்கப் போவதாக இருந்தால் கேளுங்கள், தருகிறேன். சனிக்கிழமை என்றால் கூடவே வரவும் முடியும்.